மாமா உயில் எழுதல, கல்யாணமும் கோயில்ல மட்டும்தான்... இந்த கொரோனா நேரத்துல என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்?

மருமகள்_டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், வாக்கப்பட்டு வந்தது சவுத் ஆப்பிரிக்கா டர்பன், சாட்ஸ்வர்த்துல மாமா அத்தையோட ஒரே வீட்டுலதான் இருக்கோம். 2020 டிசம்பர்ல இந்த ரெண்டாவது அலை ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க ரோட்ல வரிசையா சாவு, தானா நடந்து போய் ஆஸ்பத்திரில படுத்தவங்க திரும்பி வரல, கடைசியா முகம் பாக்கவும் விடல, காரியத்துக்கு 50 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னுட்டாங்க, இதையெல்லாம் பாத்துப் பாத்து எனக்கு ராத்திரில தூக்கமே வரல. பயத்துல உளர்றான்னு நெனச்சாலும் பரவால்ல, கேட்டுடறேன்.

மாமாவுக்கு 73 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. அத்தைக்கு 69. 1971ல கோயில்ல வச்சு கல்யாணம், தாலி, அக்னி, ஊர்ச் சாப்பாடு எல்லாம் நடந்திருக்கு, போட்டோவும் இருக்கு, ஆனா ரிஜிஸ்டர் பண்ணின சர்டிஃபிகேட்னு ஒண்ண வீட்ல யாரும் பாத்ததில்ல. வீடு மாமா பேர்ல மட்டும். டர்பன்ல முன்னாடி இருந்த கேட்டோ மேனர்ங்கற எடத்துலேர்ந்து அரசாங்கம் கெளப்பி விட்டப்ப கெடச்ச முனிசிபாலிட்டி வீடு, அப்புறம் காசு கட்டி சொந்தமாக்கி, பின்னாடி ரெண்டு ரூம் இழுத்துக் கட்டியிருக்காங்க. பிள்ளைங்க மூணு பேர். மூத்தவர் ஜோஹானஸ்பர்க்ல, ரெண்டாவது என் வீட்டுக்காரர், கடைசி என் நாத்தனார், அவ டிவோர்ஸ் ஆகி 8 வயசுப் பையனோட எங்ககூடதான் இருக்கா.

உயில் கிடையாது. பேச்சை எடுத்தாலே மாமா "ஏன், அதுக்குள்ள என்னை அனுப்பி வைக்கப் பாக்குறீங்களா"ன்னு டிவி சத்தத்தைக் கூட்டிடுவார். மூத்தவர் போன்ல சொல்றார், அப்பாவை வாட்ஸ்அப் வீடியோல பேசச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோ, அது போதும்னு. என் வீட்டுக்காரர் சொல்றார், பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிட்டா ஐசியூல இருந்தாலும் பேங்க் வேலை எல்லாம் நாமளே பாத்துக்கலாம்னு. ரெண்டும் சரியா? அத்தைக்கு வீட்ல உரிமை இருக்கா இல்லையா? அப்புறம் நாத்தனார் பையனை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவங்கப்பா வீட்டுக்கு அனுப்பணும்னு கோர்ட் ஆர்டர் இருக்கு, அங்க வீட்ல ஆள் வர்றதும் போறதுமா இருக்கு, மாமா வயசுக்கு பயமா இருக்கு, அனுப்பாம இருக்கலாமா? ஒரே போஸ்ட்ல எல்லாத்தையும் கொட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஃபைல்கட்டு:

சிஸ்டர், நான் லாயர் இல்ல, டர்பன்ல ஒரு அட்டர்னி (லாயர்) ஆபீஸ்ல எஸ்டேட் ஃபைல், அதாவது செத்தவங்க விட்டுட்டுப் போன சொத்து ஃபைல் பாக்கற ஆளு. இதை வச்சு முடிவு எடுக்காம ஒருதடவை அட்டர்னிகிட்ட பேசிடுங்க, ஆனா கேட்டதுக்கு பதில் சொல்றேன்.

வாட்ஸ்அப் வீடியோ உயில் ஆகாது. இங்க 1953ஆம் வருஷத்து வில்ஸ் ஆக்ட்தான் இன்னும் ஓடுது. எழுத்துல இருக்கணும், எழுதினவர் கடைசில கையெழுத்து போடணும், ஒரு பக்கத்துக்கு மேல போச்சுன்னா ஒவ்வொரு பக்கத்துலயும் போடணும், ரெண்டு சாட்சி ஒரே நேரத்துல அங்கேயே இருந்து பாத்து அவங்களும் போடணும். எல்லாத்தையும் ஆன்லைன்ல பண்ணலாம்னு 2002ல வந்த எலக்ட்ரானிக் டிரான்ஸாக்ஷன் சட்டத்துலயே உயிலை மட்டும் வெளிய வச்சுட்டாங்க, அதனால ஸ்கேன் கையெழுத்து, ஸூம்ல சாட்சி எதுவும் எடுபடாது. முறை தவறின டாக்குமென்டை ஏத்துக்கச் சொல்லி ஹை கோர்ட்டுக்குப் போக ஒரு வழி இருக்கு, வில்ஸ் ஆக்ட் 2(3)னு சொல்வாங்க, கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சு வச்ச ஃபைலைக்கூட கோர்ட் ஏத்துக்கிட்ட கேஸ் உண்டு. ஆனா அதுக்கு ஆகற லாயர் செலவுல பத்து உயில் எழுதிடலாம், அதுவும் அண்ணன் தம்பிக்குள்ள ஒரே ஒருத்தர் எதிர்த்தா எத்தனை வருஷம் இழுக்கும்னு சொல்லவே முடியாது. வீடியோ எடுக்க வேணாம்னு சொல்லல, எடுத்து வச்சுக்கோங்க, ஆனா அதை நம்பி பேப்பரை விட்டுடாதீங்க.

சாட்சி யாருங்கறதுலதான் நெறைய வீடு சிக்குது. 14 வயசுக்கு மேல யார் வேணா போடலாம், ஆனா உயில்ல பங்கு வாங்கற ஆள் சாட்சி போட்டா அவர் பங்கு போச்சு. அவர் புருஷனோ பொண்டாட்டியோ போட்டாலும் அதே கதைதான், அதாவது நீங்க சாட்சி போட்டா உங்க வீட்டுக்காரருக்கு ஆபத்து. சொந்தக் கையால எழுதிக் கொடுத்தவருக்கும் இந்த விதி உண்டு, எக்ஸிக்யூட்டர்னு, அதாவது உயில்படி சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கற பொறுப்புக்கு, பேர் போட்ட ஆளுக்கும் உண்டு. உயில் இல்லாட்டியும் சட்டப்படி கெடைச்சிருக்கற பங்கு அளவுக்கு பிள்ளைங்களுக்கு விதிவிலக்கு இருக்கு, ஆனா அந்த வம்பே எதுக்கு, பக்கத்து வீட்ல ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. லாக்டவுன் ஆரம்பத்துல நாங்க வெராண்டால மேஜை போட்டு, ஆளுக்கொரு பேனா, மாஸ்க், ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு, ஒருத்தர் போட்டுட்டு நகர்ந்தப்புறம் அடுத்தவர்னு பண்ணினோம். முக்கியமானது மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்.

இப்ப பவர் ஆஃப் அட்டர்னி. இது இந்தியா, இங்கிலாந்து நெனப்புல நம்ம ஆளுங்க ரொம்பப் பேர் நம்பற விஷயம். சவுத் ஆப்பிரிக்கா சட்டத்துல கொடுத்தவருக்கு நிதானம் போயிட்டா, அதாவது தானா முடிவெடுக்கற நிலை இல்லாமப் போயிட்டா, பவரும் அந்த நிமிஷமே போச்சு. வென்டிலேட்டர்ல மயக்கத்துல இருக்கறப்பதான் உங்களுக்கு அது வேணும், சரியா அப்பதான் அது செல்லாது. நிதானம் போனாலும் நீடிக்கற மாதிரி ஒரு பவர் இங்க வரணும்னு பல வருஷமா பேச்சு ஓடுது, சட்டமா வரல. அப்புறம் செத்துட்டா பவர் சுத்தமா முடிஞ்சுது, அக்கவுண்டும் ஃப்ரீஸ் ஆகிடும். அதுக்கப்புறம் ஏடிஎம் கார்டை வச்சு எடுக்கறது குற்றம், "அப்பா பின் நம்பர் எனக்குத் தெரியும்"னு சொல்றவங்க கொஞ்சம் கவனிங்க. மாமா சொகமா இருந்து வெளிய போக முடியாம வீட்லயே இருக்கற காலத்துக்கு பவர் உதவும், அதுக்காக எழுதி வச்சுக்கலாம். நிதானம் இல்லாமப் போனா ஹை கோர்ட்ல க்யூரேட்டர், அதாவது அவர் சொத்தைப் பாத்துக்கற ஆள் போடணும், இல்லாட்டி மென்டல் ஹெல்த் கேர் சட்டத்துல மாஸ்டர்கிட்ட (எஸ்டேட் விஷயம் பாக்கற ஹை கோர்ட் அதிகாரி) அட்மினிஸ்ட்ரேட்டரா விண்ணப்பிக்கணும், ரெண்டும் அவசரத்துக்கு ஆகாது. அதனால அத்தை பேர்ல தனியா ஒரு அக்கவுண்ட் இருக்கணும், அதுல மூணு நாலு மாசத்துச் செலவுக்குப் பணம் இருக்கணும். உயிலுக்கு அடுத்தபடியா நான் சொல்றது இதுதான்.

டோங்காட்_வாத்தியார்:

அம்மா, நான் இங்கேயே பொறந்து வளந்தவன், தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சாயங்கால வகுப்பு எடுத்த ஆள். கோயில் கல்யாணம் பத்தி ஒண்ணு சொல்லணும்.

இது இன்னைக்கு நேத்து வந்த தலைவலி இல்ல. 1913ஆம் வருஷம் மார்ச் மாசம் கேப்டவுன்ல சர்ல்னு ஒரு நீதிபதி, கிறிஸ்தவ முறையில நடக்காத, ரிஜிஸ்டர் ஆகாத கல்யாணம் இந்த நாட்டுல செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்துட்டான். நம்ம பொம்பளைங்களை எல்லாம் ஒரே நாள்ல வெப்பாட்டி ஆக்கிட்டான்னு கொதிச்சுதான் பொம்பளைங்க சத்தியாக்கிரகத்துல எறங்கினாங்க, தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போய் சீக்காகி வெளிய வந்து 1914 பிப்ரவரில 16 வயசுல செத்தது அந்தப் போராட்டத்துலதான். அதுக்கப்புறம் 1914ல இந்தியன்ஸ் ரிலீஃப் ஆக்ட் வந்துச்சு, ஒரு மனைவி உள்ள கல்யாணத்தை பதிஞ்சுக்கலாம், நம்ம பூசாரிமாரையே கல்யாணம் பதியற அதிகாரியா நியமிக்கலாம்னு வழி பொறந்துச்சு. 1961 கல்யாணச் சட்டத்துலயும் அந்த வழி இருக்கு. ஆனா பதிஞ்சாத்தானே? அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க "சாமி சாட்சியா தாலி கட்டியாச்சு, வெள்ளைக்காரன் சீட்டு எதுக்கு"ன்னு விட்டுட்டாங்க. அவ்வளவு போராடி வாங்கினதை யூஸ் பண்ணாம விட்ட ஜனம் நாம.

என் மச்சான் ஒருத்தர் போன ஜூலையில போயிட்டார், இதே நோய்தான். உயில் இல்ல, கல்யாணம் கோயில்ல. அவர் சம்சாரம் 40 வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவ, எஸ்டேட் பேப்பர்ல "கல்யாணம் ஆகாதவர்"னு எழுதி வந்ததைப் பாத்து அவ அழுத அழுகை இருக்கே. அப்புறம் பூசாரி மகன்கிட்ட ஒரு அஃபிடவிட், கல்யாணத்துக்கு வந்த ரெண்டு கெழவிங்ககிட்ட அஃபிடவிட், போட்டோ, பத்திரிகை எல்லாம் சேத்துக் கொடுத்துதான் மனைவின்னு ஏத்துக்கிட்டாங்க. ஆனதென்னவோ ஆச்சு, ஆனா புருஷன் செத்த வீட்ல உக்காந்து நான் பொண்டாட்டிதான்னு நிரூபிச்சுக்கிட்டு இருக்கறது கொடுமை.

முதல்ல ஒண்ணு செய்யுங்க. 1971ல கல்யாணம் செஞ்சு வச்ச பூசாரி பதிவு அதிகாரியா இருந்திருந்தா அவரே பதிஞ்சு விட்டிருக்கலாம், வீட்டுக்குத் தெரியாமக்கூட இருக்கும். ஹோம் அஃபேர்ஸ்ல கேக்கலாம், இல்லாட்டி எம்னு எழுதி ஐடி நம்பரைச் சேத்து 32551க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா கல்யாண நிலை வரும்.

மாமாகிட்ட உயில்னு ஆரம்பிக்காதீங்கம்மா. சாவைப் பத்திப் பேசினா எந்தக் கெழவனுக்கும் கோவம் வரும், எனக்கும் வரும். "அத்தை பேருக்கு எழுத்துல ஒண்ணும் இல்லையே மாமா, நாளைக்கு யாராவது அவங்களை வீட்டைவிட்டுப் போன்னு சொன்னா?"ன்னு கேளுங்க. ஆம்பிளைக்கு அந்தக் கேள்வி உறைக்கும்.

மருமகள்_டர்பன்:

வாத்தியார் ஐயாவுக்கு ரொம்ப நன்றி. எஸ்எம்எஸ் அனுப்பிப் பாத்தேன், அத்தை சிங்கிள்னு வந்துச்சு. படிச்சுக் காட்டினேன், அத்தை முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க, "அப்ப இந்த மனுஷனுக்கு நான் எதுக்குடி காலைல எந்திரிச்சு டீ போடறேன்"னு. அப்புறம் ஒண்ணும் பேசாம கிச்சனுக்குப் போயிட்டாங்க. மாமா டிவியை ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தார். வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியை நான் கேக்கவே வேண்டியிருக்கல.

ஃபைல்கட்டு அண்ணா, உயில் எழுதாமலே விட்டா அத்தைக்கு என்னதான் கெடைக்கும்? வீடு ஒரு 12 லட்சம் ரேண்ட் போகும்னு பக்கத்துல வித்ததை வச்சு சொல்றாங்க.

ஃபைல்கட்டு:

டர்பன் ஹை கோர்ட்ல கோவிந்தர் எதிர் ராகவய்யான்னு ஒரு கேஸ், ரிப்போர்ட் ஆனது 2009. கோயில்ல மட்டும் கல்யாணம் பண்ணின மனைவியும், ஒரே மனைவியா இருந்தா, உயில் இல்லாத சொத்துல பங்கு வாங்கறதுக்கு மனைவிதான்னு அதுல சொல்லிட்டாங்க. அதனால வாத்தியார் சொன்ன மாதிரி நிரூபிச்சா அத்தைக்கு பங்கு உண்டு. ஆனா பங்கு எவ்வளவு? சட்டப்படி மனைவிக்கு 2,50,000 ரேண்ட், இல்லாட்டி ஒரு பிள்ளைப் பங்கு, எது அதிகமோ அது. பிள்ளைப் பங்குன்னா பிள்ளைங்க எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டி வகுக்கறது. 12 லட்சத்தை நாலால வகுத்தா 3 லட்சம். அத்தைக்கும் 3, மூணு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு 3. அதாவது 50 வருஷம் அவங்க சமைச்ச வீட்ல கால் வீடுதான் அவங்களுது, மிச்ச முக்கால் பிள்ளைங்க கைல. பிள்ளைங்க நல்லவங்களா இருந்தா "எனக்கு வேணாம்"னு எழுதிக் கொடுத்து விட்டுடலாம், அப்படி விட்டா அந்தப் பங்கு மனைவிக்கே போகும்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா அதை மூணு பேரும் அவங்கவங்க பொண்டாட்டி புருஷன்கிட்ட கேட்டுட்டுதானே செய்வாங்க, நான் நெறைய பாத்துட்டேன்.

அதுக்குப் பதிலா அவங்க இப்ப ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா கணக்கே மாறும். இங்க கல்யாணத்துக்கு முன்னாடி நோட்டரிகிட்ட ஒப்பந்தம் எழுதலைன்னா தானாவே கூட்டுச் சொத்து ஆகிடும், பாதி வீடு அன்னைக்கே அத்தையோடது. அப்புறம் உயில் இல்லாம மாமா போனாலும் அவர் பாதியான 6 லட்சத்தைத்தான் பிரிக்கணும், நாலால வகுத்தா ஒன்றரை லட்சம், அது 2,50,000ஐ விடக் கம்மி, அதனால அத்தைக்கு 2,50,000. மொத்தம் எட்டரை லட்சம் அவங்க கைல. மாமாவுக்கு கடன் ஏதும் இருந்தா அதுவும் கூட்டாகிடும், அதை மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க.

இதெல்லாம் உயில் இல்லாட்டி. ஒரு நல்ல உயில் எழுதினா இந்த வகுத்தல் கழித்தலே வேணாம், வீட்டை நேரா அத்தைக்கு எழுதலாம், இல்ல பிள்ளைங்க பேர்ல எழுதி அத்தை உயிரோட இருக்கற வரைக்கும் அனுபவிக்கற உரிமை வைக்கலாம். எங்க ஆபீஸ்ல அந்த ரெண்டாவது வகைதான் நெறைய பேர் கேப்பாங்க. என் சொந்த அபிப்பிராயம், முதல் வகைதான் நல்லது, வயசான பொம்பளை ஆஸ்பத்திரி செலவுக்கு வீட்டை விக்கணும்னாலும் பிள்ளைங்க மூணு பேர் கையெழுத்துக்காக நிக்கக் கூடாது. இன்னொண்ணு, எக்ஸிக்யூட்டர் ஃபீஸ் அதிகபட்சம் சொத்து மதிப்புல 3.5 சதவீதம், 12 லட்சத்துக்கு 42,000 ரேண்ட், ஃப்ரீயா உயில் எழுதித் தர்றேங்கற பேங்க் எல்லாம் அந்த 42,000ஐப் பாத்துதான் எழுதித் தருது. பேசினா கொறைப்பாங்க, முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க. அத்தையையோ பிள்ளையையோ எக்ஸிக்யூட்டரா போட்டுட்டு வேலையை அட்டர்னிக்குக் கொடுக்கலாம்.

ஜோபர்க்_ஐடி:

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவரா தெரியுது. சின்னக் குடும்பம், ஒரே வீடு, ஆன்லைன்ல உயில் மாதிரி கெடைக்குது, டவுன்லோட் பண்ணி ஃபில் பண்ணி கையெழுத்து வாங்கினா முடிஞ்சுது. எங்க ஆபீஸ் ப்ராவிடன்ட் ஃபண்ட்ல நாமினேஷன்ல பொண்டாட்டி பேர் போட்டாச்சு, இன்சூரன்ஸ்லயும் போட்டாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்? 73 வயசுல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணச் சொல்றதெல்லாம் பெரியவங்களை கேலி பண்ற மாதிரி இருக்கு.

ஃபைல்கட்டு:

தம்பி, டவுன்லோட் பண்ணினதும் செல்லும், முறையா கையெழுத்து இருந்தா. அதுல தப்பு ஒண்ணும் சொல்லல. ஆனா உங்க ப்ராவிடன்ட் ஃபண்டைப் பத்தி நீங்க நெனச்சுட்டு இருக்கறது சரியில்ல. அந்தப் பணம் உங்க எஸ்டேட்ல வராது, உங்க உயிலும் அதைக் கட்டுப்படுத்தாது, பென்ஷன் ஃபண்ட்ஸ் ஆக்ட் 37சி படி ட்ரஸ்டீங்கதான் உங்களை நம்பி இருந்தவங்க யார் யார்னு தேடிப் பிரிப்பாங்க. நாமினேஷன் அவங்களுக்கு ஒரு குறிப்பு மாதிரி, அவ்வளவுதான். ஊர்ல அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறீங்கன்னா அவங்களையும் கணக்குல எடுக்கலாம், ட்ரஸ்டீக்கு அது தெரியணுமேன்னு ஒரு லெட்டர் எழுதி ஃபண்ட்ல கொடுத்து வையுங்க. லைஃப் இன்சூரன்ஸ் வேற, அது பேர் போட்ட ஆளுக்கு நேரா போகும்.

நைட்ஷிஃப்ட்:

நான் நர்ஸ், ஆஸ்பத்திரி பேர் வேணாம். சட்டம் எனக்கு அவ்வளவா தெரியாது, வார்டுல நடக்கறதைச் சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பேஷன்ட் மூச்சு மோசமாகும், ட்யூப் போடணும்னு டாக்டர் சொல்வார், குடும்பத்துக்கு போன் அடிச்சா ஃபைல்ல இருக்கற நம்பர் பழசு, இல்ல மூணு பிள்ளைங்க மூணு விதமா சொல்வாங்க. நேஷனல் ஹெல்த் ஆக்ட்ல, பேஷன்ட் தானா சம்மதம் சொல்ல முடியாத நிலைல இருந்தா, அவர் முன்னாடியே எழுத்துல யாருக்குப் பொறுப்பு கொடுத்திருக்காரோ அவர் முடிவு பண்ணலாம்னு இருக்கு. அப்படி எழுத்து இல்லாட்டி வரிசை இருக்கு, முதல்ல மனைவி இல்ல கூட வாழ்றவங்க, அப்புறம் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அப்புறம் மேஜரான பிள்ளைங்க, அப்புறம் கூடப் பொறந்தவங்க. அதனால உங்க அத்தை சர்டிஃபிகேட் இல்லாட்டியும் முதல் ஆள்தான், பயப்படாதீங்க. ஆனா அத்தை டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசத் தடுமாறுவாங்கன்னா மாமா உங்க வீட்டுக்காரரையோ நாத்தனாரையோ பேர் போட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுக்கட்டும். பெரிய டாக்குமென்டெல்லாம் வேணாம், ஒரு பக்கம். அதுலயே மாத்திரை பேரு, அலர்ஜி, மெடிக்கல் எய்ட் நம்பர், ரெண்டு போன் நம்பர். ஐடி காப்பியோட ஒரு ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேல வையுங்க, ஆம்புலன்ஸ் வந்தா தேட வேணாம். போன் சார்ஜரையும் அந்த பையிலேயே போடுங்க, இதை யாரும் நெனைக்கறதில்ல, உள்ள போனப்புறம் குரல் கேக்க அது ஒண்ணுதான் வழி.

ரெண்டுவீட்டுப்_பையன்அம்மா:

பையன் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே, நான் சொல்றேன், எனக்கும் இதே நிலைமைதான்.

2020 மார்ச் 27 லாக்டவுன் போட்டப்ப பிள்ளைங்களை ஒரு வீட்லேர்ந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பவே கூடாதுன்னு இருந்துச்சு. ஏப்ரல் 7ல மாத்தினாங்க, கோர்ட் ஆர்டரோ, ஃபேமிலி அட்வகேட்கிட்ட (பிள்ளைங்க விஷயம் பாக்கற அரசாங்க ஆபீஸ்) ரிஜிஸ்டர் பண்ணின பேரன்டிங் ப்ளானோ, அதாவது பிள்ளை யார்கிட்ட எப்ப இருக்கணும்ங்கற ஒப்பந்தமோ இருந்தா, அந்த வீட்ல யாருக்கும் கொரோனா இல்லாட்டி அனுப்பலாம்னு. அந்தக் கடுமை எல்லாம் இப்ப இல்ல. இப்ப ஆர்டர் இருக்கறப்ப உங்க நாத்தனார் தானா முடிவெடுத்து அனுப்பாம நிறுத்தினா சில்ட்ரன்ஸ் ஆக்ட் 35 படி அது குற்றம், ஃபைனோ ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலோ போடலாம். பயமுறுத்தச் சொல்லல, அந்தப் பக்கம் லாயர் வச்சிருந்தா முதல்ல இதைத்தான் எடுப்பாங்க.

நான் என்ன பண்ணினேன்னா என் பையனோட அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல சண்டை இல்லாம எழுதினேன், எங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க, யாருக்காவது காய்ச்சல் வந்தா பத்து நாள் பையன் இருக்கற எடத்துலயே இருக்கட்டும், தினம் சாயங்காலம் வீடியோ கால், தவறின நாளை லீவுல ஈடு கட்டிக்கலாம்னு. அவரும் சரின்னார், ரெண்டு பேரும் சேந்து ஈமெயில்ல உறுதி பண்ணிக்கிட்டோம். ஒத்துக்கலைன்னா ஃபேமிலி அட்வகேட் ஆபீஸ்ல பேசலாம், காசு கெடையாது. லீகல் எய்ட் போன் லைன் 0800 110 110, அதுவும் ஃப்ரீ. இன்னொண்ணு, பையனை அனுப்பலைன்னு உங்க நாத்தனாரோட பழைய புருஷன் மெயின்டனன்ஸை, அதாவது பையன் செலவுக்குக் கட்டற பணத்தை, நிறுத்த முடியாது, அவர் மெயின்டனன்ஸ் கட்டலைன்னு இவங்க பையனை நிறுத்தவும் முடியாது, ரெண்டும் தனித்தனி. வேலை போயிடுச்சுன்னாலும் அவர் மெயின்டனன்ஸ் கோர்ட்ல போய்தான் கொறைக்கச் சொல்லிக் கேக்கணும், தானா கொறைக்கக் கூடாது.

நாத்தனாரும் தனியா ஒரு உயில் எழுதணும், இதை அடிச்சுச் சொல்றேன். டிவோர்ஸுக்கு முன்னாடி எழுதின உயில் ஏதாவது கெடக்கா பாருங்க. டிவோர்ஸ் ஆகி மூணு மாசத்துக்குள்ள செத்தா மட்டும்தான் பழைய புருஷன் பேரை இல்லாத மாதிரி எடுத்துக்குவாங்க, அதுக்கப்புறம் மாத்தாம விட்டா அவருக்கே போய்ச் சேரும்!! அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா பையன் அப்பாகிட்டதான் போவான், அவரும் கார்டியன், பாட்டிகிட்ட இருக்கட்டும்னு உயில்ல எழுதினா அதைக் கேப்பாங்க, ஆனா கட்டாயம் இல்ல. பணத்தை மட்டும் காப்பாத்த முடியும். உயில்லயே பையன் பேருக்கு ஒரு ட்ரஸ்ட் வச்சு, அண்ணனையோ யாரையோ ட்ரஸ்டியா போட்டுட்டா அப்பா கைக்குப் போகாது. ட்ரஸ்ட் எழுதலைன்னா மைனர் பணம் மாஸ்டரோட கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போகும், அங்கேருந்து ஸ்கூல் ஃபீஸுக்கு ஒவ்வொரு தடவையும் விண்ணப்பம் போட்டு வாங்கணும்.

மருமகள்_டர்பன்:

இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் கோடி நன்றி. நாத்தனார் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா நேத்து ராத்திரியே அவரோட போன்ல பேசிட்டா, சண்டை வரல, அதுவே பெருசு. ஜோபர்க் தம்பிக்கு, அத்தையை நானே கேட்டேன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு, "புடவை எடுத்துத் தருவாரான்னு கேளு"ன்னாங்க, அதனால கேலின்னு அவங்க எடுத்துக்கல. இந்த 2021 தைப்பூசக் காவடிக்கும் கோயில் மூடியிருக்கு, தொறந்ததும் சாமி கும்பிட்டுட்டு அதைப் பண்ணிக்கறோம்னு மாமாவே சொல்லிட்டார்.

உயில் இந்த வாரமே எழுதணும்னு இருக்கு. கடைசியா ஒரு சந்தேகம். மாமாவுக்கு சின்ன ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து வலது கை நடுங்குது, பேங்க்லயே கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கைரேகை வச்சா செல்லுமா?

ஃபைல்கட்டு:

செல்லும், ஆனா அதுக்கு தனி விதி. ரேகையோ அடையாளக் குறியோ வச்சா ரெண்டு சாட்சி மட்டும் போதாது, கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது அஃபிடவிட்ல சத்தியம் வாங்கிக் கையெழுத்து போடற அதிகாரம் உள்ள ஒருத்தர் அங்க இருக்கணும். இவர்தான் அந்த ஆள், இது அவரோட உயில்தான்னு உயில்லயே சர்டிஃபிகேட் எழுதி அவர் கையெழுத்து போடணும், மத்த பக்கங்கள்லயும் போடணும். இது இல்லாத ரேகை உயில் மாஸ்டர் ஆபீஸ்ல திரும்பி வந்துடும். போலீஸ் ஸ்டேஷன்ல கமிஷனர் இருப்பாங்க, ஆனா மாமாவை அங்க வரிசைல நிக்க வைக்காதீங்க, அட்டர்னி யாரா இருந்தாலும் கமிஷனர்தான், வீட்டுக்கு வர்ற ஆளாப் பாத்துக் கூப்பிடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி அவரை நடுங்கற கையாலயே ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பேங்க் மாதிரி பழைய கையெழுத்தோட ஒத்துப்போகணும்னு உயிலுக்கு கெடையாது, கோணலா இருந்தாலும் அவர் கையெழுத்துன்னு போட்டா கையெழுத்துதான், இனிஷியல் மட்டும் போட்டாலும் ஏத்துக்குவாங்க. பாத்த சாட்சி ரெண்டு பேர் இருக்காங்களே. ஒரிஜினலை எங்க வச்சிருக்கீங்கன்னு அத்தைக்குத் தெரியணும், போட்டோகாப்பியை வச்சு மாஸ்டர் ஒண்ணும் பண்ண மாட்டார். தேதி போட மறந்துடாதீங்க, பழசு ஏதாவது வெளிய வந்தா எது கடைசின்னு அதை வச்சுத்தான் பாப்பாங்க.